மூச்சைக் கவனித்தால் குடி நிற்குமா?

ரங்கூனில் பெரிய வணிகராக இருந்த எஸ்.என். கோயங்காவுக்குக் கொடுமையான ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் மார்ஃபின் ஊசி. அந்த ஊசிக்கே அடிமையாகிவிடக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரித்த நிலையில், 1955ல் அவர் ஊ பா கின் என்ற விபாசனா ஆசிரியரிடம் போனார். தலைவலி தீர வேண்டும் என்றதும் ஊ பா கின் மறுத்துவிட்டார். உடல்நோய்க்கு வைத்தியமாகக் கேட்பது தம்மத்தைச் சிறுமைப்படுத்துவது. மனம் தூய்மையாக வேண்டுமென்றால் வரலாம், நோய் போனால் அது உபரி என்பது அவர் நிலை.

அந்த உபரிதான் இப்போது முதல் சரக்கு. குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீளப் புத்தர் வழிவந்த கவனப் பயிற்சி உதவும் என்று மருத்துவமனைகளும் மறுவாழ்வு மையங்களும் கைப்பேசிச் செயலிகளும் சொல்கின்றன. தூய பௌத்தர்களின் முகச்சுளிப்பு ஒருபுறம் இருக்கட்டும். உண்மையில் உதவுகிறதா, யாருக்கு, எவ்வளவு?

கருத்தளவில் வலுவான கூற்றுதான். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளராக இருந்த ஆலன் மார்லட், விட்டவர்கள் மீண்டும் ஏன் விழுகிறார்கள் என்பதையே பல்லாண்டு ஆராய்ந்தவர். குடிக்கும் வேட்கை ஏறும், உச்சம் தொடும், தானாக இறங்கும். அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், பணியவும் வேண்டாம், உடம்பில் அது எங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள் என்றார். மணிமேகலை படித்தவர்களுக்கு இது புதிதல்ல. துன்பத்தின் காரணச் சங்கிலியான பன்னிரு நிதானங்களில் நுகர்வை அடுத்து வேட்கை, வேட்கையை அடுத்துப் பற்று. அந்தக் கண்ணிகளுக்கு நடுவில் மூச்சுவிட இடம் உண்டாக்குவதே பயிற்சியின் வேலை. மார்லட் இன்னொன்றும் கண்டார்: குடித்த ஒரு மிடறைவிட, "எல்லாம் போச்சு" என்ற குற்றவுணர்வே பலரை முழு பாட்டிலுக்குத் தள்ளுகிறது. அந்த உணர்வையும் வந்து போகும் எண்ணமாகப் பார்க்கப் பழக்குவதுதான், என் பார்வையில், இம்முறையின் ஆகச் சிறந்த பகுதி.

சான்று அவ்வளவு மினுங்குவதில்லை. சியாட்டில் சிறைவாசிகளிடம் பத்து நாள் விபாசனாவைச் சோதித்து 2006ல் வெளியான ஆய்வில், விடுதலையாகி மூன்று மாதம் கழித்தும் மது, கஞ்சா, கிராக் கொக்கெய்ன் பயன்பாடு குறைந்திருந்தது. ஆனால் பயிற்சிக்குப் போனவர்கள் தாமாக விரும்பிப் போனவர்கள். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது பெரும்பாலோர் கிடைக்கவில்லை. திருந்த நினைத்தவர்கள் திருந்தினார்கள் என்றும் அதைப் படிக்கலாம். 2014ல் சாரா போவன் குழுவினர் 286 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்துச் செய்த ஆய்வுதான் கனமானது: கவனப் பயிற்சி, மீண்டும் விழாமலிருக்க மார்லட் வகுத்த பழைய திறன்பயிற்சி, குடிநோயாளர் சங்கங்களின் பன்னிரு படிகளை ஒட்டிய வழக்கமான சிகிச்சை. ஆறாவது மாதத்தில் முதல் இரண்டும் மூன்றாவதை முந்தின. மீண்டும் முதன்முறை போதையைத் தொடும் நாளைத் தள்ளிப்போட்டதில் பழைய திறன்பயிற்சியே மேல். பன்னிரண்டாம் மாதத்தில்தான் கவனப் பயிற்சி இரண்டையும் தாண்டியது. மெல்லப் பலன் தருவது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. அந்த 286 பேரும் முதற்கட்டச் சிகிச்சையை முடித்துவிட்டு வந்தவர்கள் என்பதையும் சொல்வதில்லை.

பின்னால் வந்த தொகுப்பாய்வுகள் உற்சாகத்தைத் தணித்தன. 2017ல் ஒன்பது சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் மறுபடி விழுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேட்கையில் சிறு தணிவு தெரிந்தது. 2021ல் காக்ரேன் ஆய்வு 2,825 பேரின் முடிவுகளை அலசி, மற்றச் சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் போதை நாட்கள் சற்றே குறையலாம் என்பதோடு நின்றது. எதிர்ப்பக்கம் வைக்க ஒரு வலுவான முடிவு இருக்கிறது. நாள்பட்ட வலிக்காக ஓபியாய்டு எடுத்து, அதைத் தவறாகப் பயன்படுத்திவந்த 250 பேரிடம் எரிக் கார்லண்ட் செய்து 2022ல் வெளியிட்ட சோதனையில், கவனப் பயிற்சி பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் ஒன்பதாம் மாதத்தில் அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார்கள். ஆதரவுக் குழுச் சிகிச்சையில் 24 சதவீதம். சோதித்தவரே முறையை வகுத்தவர் என்பதைக் கழித்துக்கொண்டாலும் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இந்த ஆய்வுகள் தனியே எடைபோடாத இரண்டு உண்டு: சீலமும் சங்கமும். பின்னாளில் தாமே விபாசனா ஆசிரியரான கோயங்காவின் முகாமில் மூச்சைக் கவனிக்கும் முன்பே பஞ்சசீலத்தை ஏற்க வேண்டும். மயக்கும் பொருளை விலக்குவது அதில் ஐந்தாவது. தாய்லாந்தின் தம்கிரபோக் விகாரையில் 1959 முதல் போதை அடிமைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே தொடக்கம் தியானம் கிடையாது: இனித் தொடமாட்டேன் என்ற சத்தியம், பிறகு ஐந்து நாள் மூலிகைச் சாறும் வாந்தியும். அமெரிக்காவில் ரெஃப்யூஜ் ரெகவரி இயக்கத்தின் நிறுவனர் மீது 2018ல் பாலியல் அத்துமீறல் புகார்கள் எழுந்தபோது, பலர் பிரிந்துபோய் ரெகவரி தர்மாவைத் தொடங்கி, தமக்குள்ளேயே கூட்டங்களை நடத்திக்கொண்டார்கள். ஆசான் இல்லாமலும் ஓட முடிந்தது, கூட்டம் இருந்ததால். சீலத்தையும் சங்கத்தையும் கழற்றிவிட்டுத் தனியறையில் செயலியைக் கேட்பவருக்கு இந்த இரண்டும் இல்லை.

ஆபத்தும் உண்டு. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதை ஒட்டி நடுக்கமும் உளறலும் இல்லாதவை கண்ணில் தெரிவதும் வந்து உயிரையே பறிக்கலாம். அப்போது வேண்டியது டயஸிபாம் வகை மருந்தும் தயமினும் மருத்துவரும். பழைய வன்முறையின் வடு உள்ளவர்களைக் கண்மூடி உட்காரச் சொன்னால், பயங்கர நினைவுகள் கிளம்பிவருவதும் நடக்கிறது.

மணிமேகலையில், கப்பல் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கிய சாதுவனிடம், கள்ளும் ஊனும் விட்டால் உயிர் தரிக்காது என்கிறான் நாகர் தலைவன். சாதுவன் பிடிவாதம் பிடிக்கவில்லை. கரையொதுங்குபவர்களைக் கொல்லாதே, மூத்து இறந்த விலங்கைத் தவிர எதையும் தொடாதே என்று அவனால் முடிந்த அளவோடு விட்டுவிடுகிறான். முழுதாக நிறுத்த முடியாதவர் கேட்டையாவது குறைத்துக்கொள்ளட்டும் என்று சேதக் குறைப்பு பேசிய மார்லட் ரசித்திருப்பார்.

என் தீர்ப்பு: குடியை நிறுத்தும் சிகிச்சையாக இது தேறவில்லை. நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவும் பின்தொடர் பயிற்சியாகத் தேறுகிறது, அதுவும் மிதமான மதிப்பெண்ணில். நாள்பட்ட வலியோடு போராடுபவர்களுக்கு மட்டும் கூடுதலாகப் போடலாம். மருந்து தொடரவேண்டும், வாராவாரம் முகம் பார்த்துப் பேச ஒரு குழு வேண்டும், பலனுக்கு ஓராண்டாவது பொறுக்கவேண்டும். ஒரு மையம் குடியை விட வந்தவரிடம் மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே தியானப் பாயை விரித்தால், வீட்டார் அவரை வேறிடம் அழைத்துப் போகட்டும்.