பொட்டிப்புரத்துக்கு ஒரு தடித்த தம்பி

பொட்டிப்புரம் என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிப் பாருங்கள். ஏழு எழுத்து. அதில் ப மூன்று இடத்தில், ட இரண்டு இடத்தில். வளைவு என்று தேடினால் முதலில் நிற்கும் கொம்பு, டி-யின் தலையில் விழும் கொக்கி, கடைசி ம்-மின் வயிறு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நின்ற கோடும் கிடந்த கோடும். பு-வின் கால்கூட நேராகவே கீழே இறங்குகிறது. சின்னமனூர் என்றால் மூன்று னகரங்களின் சுழியே பாதி வேலையைச் செய்துவிடும். பொட்டிப்புரத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு விளையாட்டு எழுத்துருவுக்குப் பரீட்சை வைக்க, தேனி மாவட்டத்தில் இதைவிடக் கறாரான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பரீட்சைக்கு நான் உட்கார வைத்தது 'பாலூ தம்பி'யை. மும்பையின் ஏக் டைப் குழு சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட எழுத்துருக் குடும்பம் இது. ஜங்கிள் புக் கரடியின் பெயர்தான் குடும்பப் பெயர். பல மொழிகளுக்கு ஒவ்வோர் உறவுமுறை: மலையாளத்துக்குச் சேட்டன், பஞ்சாபிக்குப் பாஜி, தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி. தமிழ் எழுத்துகளை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன்.

முதலில் ப-வைப் பாருங்கள். கோடு நல்ல தடிமன், ஆனால் முரட்டுத்தனம் இல்லை. மூலைகள் மாடு உரசி உரசி மழுங்கிய கல்தொட்டி மாதிரி இருக்கின்றன. இத்தனை கனத்திலும் உள்ளே போதுமான வெற்றிடம் விட்டிருப்பதால், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ப ப-வாகவே தெரிகிறது. தடித்த தமிழ் எழுத்துக்குப் பெரிய சங்கடம் இந்த உள்வெளிதான். ப, ட, ம சமாளித்துவிடும். ண, னை என்று வரும்போது சுழிகள் ஒன்றோடொன்று முட்டும். அங்கே கோட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் இளைக்கவிட வேண்டும், இல்லையென்றால் எழுத்தை அகலமாக்க வேண்டும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே கனம் என்றே பட வேண்டும். இந்தக் கண்கட்டு வித்தை தெரியாதவர் கையில் தடித்த எழுத்து வெறும் மைத்திட்டு.

பிறகு புள்ளி. பொட்டிப்புரத்தில் மூன்று உண்டு: ட், ப், ம். நம் ஊர்ச் சுவர் ஓவியர்களுக்குப் புள்ளி என்றால் கொண்டாட்டம். வட்டம் போடுவார்கள், பூ போடுவார்கள், காதல் படமென்றால் இதயமே போடுவார்கள். தம்பி அந்த ஆட்டத்துக்கே போவதில்லை. கோட்டின் கனத்துக்கு ஈடான ஒரு கொழுத்த புள்ளி, அதோடு சரி. விளையாட்டை எழுத்தின் உடம்பிலேயே வைத்துக்கொண்டு அலங்காரத்தைக் கைவிட்டதுதான் இவனிடம் எனக்கு மிகவும் பிடித்தது.

குறை இல்லாமல் இல்லை. மூன்று ப-வும் அச்சு அசலாக ஒன்றேபோல் இருக்கின்றன. கையால் எழுதுகிறவர் முதல் ப-வை விரித்திருப்பார், இடம் போதாமல் மூன்றாவதை நெருக்கியிருப்பார். வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்பையும் ஓவியரே வரைந்த காலத்தில் ஒரு வாரத்து எழுத்து மறுவாரம் திரும்பி வராது. அந்த உயிர்த்துடிப்பை எழுத்துருவிடம் எதிர்பார்க்கக் கூடாதுதான், ஆனாலும் மனம் எதிர்பார்க்கிறது. கைவாகு கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்பவர்கள் இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவாணர்' எழுத்துருவைப் பார்க்கலாம். சற்றே சாய்ந்த கையெழுத்து அது. வாழ்த்து அட்டைக்கு அழகு, கடைப் பலகைக்கு மெலிவு.

எங்கே பொருந்துவான் தம்பி? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெட்டியின் மேல் இவனைப் போடலாம். உருண்ட பழத்துக்கு உருண்ட எழுத்து. அங்கன்வாடிச் சுவர், ஜூஸ் கடை, ஜீப்பின் பின்கண்ணாடி எல்லாவற்றுக்கும் சரி. போடி ஏலக்காய் ஏல அறிவிப்புக்கு ஆகாது, விலை பேசுகிற இடத்தில் சிரித்தால் சந்தேகம் வரும். கண்ணீர் அஞ்சலிக்கு ஆகவே ஆகாது. இந்த ஊரில் அமைக்கத் திட்டமிட்டு, வழக்கில் சிக்கிய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபின், பொட்டிப்புரம் என்ற பெயர் தலைப்புச் செய்திகளில் எத்தனையோ முறை விறைப்பான எழுத்தில் அச்சானது. மலையடிவாரத்து ஊரின் அதே பெயரைத் தம்பியில் போட்டுப் பார்த்தபோது, வழக்கு வம்பு எதுவும் இல்லாத ஊர் மாதிரி இருந்தது. எழுத்துருவுக்கு இவ்வளவு சாமர்த்தியம் ஆபத்தும்கூட. கசப்பான செய்தியையும் இவன் இனிப்பாக்கிவிடுவான்.

நாலு வார்த்தைக்கு மேல் இவனிடம் கொடுக்கவும் கூடாது. பத்தியாகப் போட்டால் மூச்சு முட்டுகிறது. பிற்பாடு வந்த பாலூ 2-ல் சாதாரண கனத்திலிருந்து மிகத் தடிமன் வரை ஐந்து கனங்கள் உண்டு, உபதலைப்புக்கு அவை உதவும்.

ஃபிளக்ஸ் அடிக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பேனரில் இடம் மிச்சமிருந்தால் மவுஸால் பிடித்து எழுத்தைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இழுத்தால் நின்ற கோடு வீங்கும், கிடந்த கோடு அப்படியே இருக்கும், வரைந்தவர் பார்த்துப் பார்த்து வைத்த சமன் போய்விடும். மிச்ச இடம் மிச்சமாகவே இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவையே கட்டி அழாமல் இதையும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், காசு கிடையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இது யூனிகோடு எழுத்து. பழைய கோரல் டிராவில் கொம்பு இடம் மாறி, பொட்டிப்புரத்தின் முதல் எழுத்தே உடைந்து நிற்கலாம். அச்சுக்கு அனுப்புமுன் பார்த்துவிடுங்கள்.