காய்ந்தால்தான் தெரியும் சுண்ணாம்பு

ஆறு வாரமாக நெல் இலைகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கணினித் திரையில். தங்கை மகள் வேளாண்மையில் முதுகலை படிக்கிறாள். இலையில் குலை நோய்ப் புள்ளிகளைக் கணினியே கண்டுபிடிக்கப் பழக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒரு மனிதன் உட்கார்ந்து, 420 படங்களில் புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று பிரஷால் பூசிக் காட்டியாக வேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமன் இதற்குத் தோதான ஆள்.

கருவியின் பெயரை விட்டுவிடுகிறேன். இலவசமாகக் கொடுத்தவர்களைச் சந்தியில் நிறுத்த மனமில்லை. உலாவியில் ஓடும், லேபிளுக்கொரு நிறம் தரும், கேட்ட வடிவத்தில் எக்ஸ்போர்ட் செய்யும். இந்த வகைக் கருவிகள் எல்லாம் செய்வதுதான். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆறு வாரம் அந்த மாட்டோடு உழுதவன் பார்க்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். குலை நோய்ப் புள்ளி கண் வடிவத்தில் இருக்கும்: இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. ஓரம் நெடுகச் சொடுக்கி வரையும் பாலிகனில் இதைப் பிடிக்க இருபது முப்பது சொடுக்கு வேண்டும். பிரஷில் அப்படியே ஓர் இழுப்பு, நுனியில் சின்னதாக ஒரு தொடல். சதுர அடைப்புக்குறி விசைகள் இரண்டும் பிரஷின் பருமனைக் கூட்டிக் குறைக்கும். இரண்டாம் நாளே இடது கை தானாக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. கோலம் போடுகிற கைக்குக் கிடைக்கும் அந்தத் தாளம் இதிலும் வந்துவிடுகிறது. முதல் வாரத்தில் 90 படம் முடித்து அனுப்பிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் போன். “மாமா, பதினேழாவது படத்துல எத்தனை புள்ளி போட்டீங்க?”

“பதினொண்ணு. எண்ணித்தாம்மா போட்டேன்.”

“இங்க நாப்பத்தாறு காட்டுது.”

சுண்ணாம்பு அடித்தவர்களுக்கு இது உடனே புரியும். ஈரமாக இருக்கும்போது சுவர் முழுக்க ஒரே மாதிரிதான் தெரியும். காய்ந்த பிறகுதான் மட்டை படாத இடமெல்லாம் பல்லிளிக்கும். இந்தக் கருவியின் பிரஷ் காயவே காயாது. பூசிய நிறம் பாதி கண்ணாடி மாதிரி, அடியில் இலை தெரியும்படி விழுகிறது. அடியில் இருப்பது தெரியாவிட்டால் பூச முடியாது, சரிதான். ஆனால் இரண்டு இழுப்புக்கு நடுவே ஒரு பிக்சல் அகலத்துக்கு விடுபட்ட கோடும் அதே கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் படாது. நெல் இலையில் அது இன்னும் மோசம். நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடுகின்றன, என் கையும் நீளவாக்கில்தான் இழுக்கிறது. விட்ட கோடு அச்சு அசலாக ஒரு நரம்பு போலவே உட்கார்ந்திருக்கிறது. தொட்டுக்கொண்டிருக்கும் பிக்சல்களை ஒரே திட்டாக எண்ணுகிற நிரலுக்கு நரம்பெல்லாம் தெரியாது. ஒரு புள்ளியை நாலைந்து கீற்றாகக் கிழித்து எண்ணிவிட்டது.

கோப்பின் அளவைப் பார்த்திருந்தால் எனக்கே பிடிபட்டிருக்கும். பூசிய பகுதியைக் குறிக்கும் மாஸ்க்கைப் பெரும்பாலும் ‘இத்தனை பிக்சல் காலி, இத்தனை பிக்சல் பூச்சு’ என்று வரிசையாக எண்களாகத்தான் சேமிக்கிறார்கள். அடைத்துப் பூசிய புள்ளிக்குச் சில எண்கள் போதும். சல்லடைக்கு எண்கள் மாளாது.

“நிரலே ஓட்டையை அடைச்சுடும்” என்றாள். அடைத்தது, நாலு பக்கமும் மூடிய ஓட்டைகளை மட்டும். ஒரு முனை வெளியே திறந்திருக்கும் கோட்டை அது வெளிப்பக்கம் என்றே எடுத்துக்கொள்கிறது. எல்லாத் திட்டையும் கொஞ்சம் உப்பவைத்துப் பிறகு சுருக்குகிற வித்தை ஒன்று உண்டு. அதைப் போட்டால் கோடுகள் மறையும், கூடவே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டு கைகோத்துக்கொள்ளும். 90 படத்தையும் திரும்ப எடுத்தேன்.

நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் வசதி கருவியில் இல்லாமல் இல்லை. அமைப்புகளுக்குள் மூன்றாவது தட்டில் இருக்கிறது. பிரஷுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொத்தானைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்திருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு படம் முடிந்ததும் அடர்த்தியை நூறுக்கு ஏற்றி, விட்ட இடத்தைப் பூசி, பழையபடி இறக்குகிறேன். படத்துக்கு ஆறு சொடுக்கு தண்டம்.

இன்னொரு எரிச்சல், செயல்நீக்கம். கையை எடுக்காமல் இரண்டு நிமிடம் பூசி, கடைசியில் ஒரு பிசகு. நீக்கினால் இரண்டு நிமிடமும் போச்சு. பிரஷை ஊன்றியதிலிருந்து எடுத்தது வரை அதற்கு ஒரே செயல். அடிக்கடி கையைத் தூக்கப் பழகிக்கொண்டேன். அதனால் கீற்றுகள் இன்னும் கூடின.

இந்தக் காலத்தில் கையால் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெட்டா 2023-இல் வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடல், 1.1 கோடிப் படங்களும் 110 கோடி மாஸ்க்குகளும் கொண்ட தொகுப்பில் பழகியது. ஒரு இடத்தைச் சொடுக்கினால் மூன்று மாஸ்க்குகளை முன்வைக்கும், ஏனென்றால் ஒரு சொடுக்கில் நாம் கேட்டது முழுப் பொருளா, பாகமா, பாகத்தின் பாகமா என்பது தெளிவாகாது. இலையா, புள்ளியா, புள்ளியின் சாம்பல் நடுவா? அதை ஆள்தான் சொல்ல வேண்டும்.

ஆளுக்கும் தெரிவதில்லை என்பது தனிக் கதை. பழுப்பு ஓரத்துக்கு வெளியே மஞ்சளாக ஒரு வளையம் பச்சைக்குள் கரைகிறது. அது நோயா, இலையா? அவள் சேர் என்றாள், நான் சேர்க்கவில்லை. பாஸ்கல் விஓசி தொகுப்பைச் செய்தவர்கள் பொருளைச் சுற்றி மெல்லிய கரை ஒன்றை விட்டு, அந்தப் பிக்சல்களுக்கு மதிப்பெண்ணே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். நாங்களும் அதையே எடுத்துக்கொண்டோம்: மஞ்சளுக்கு மூன்றாவதாக ஒரு லேபிள், ‘சந்தேகம்’. சிட்டிஸ்கேப்ஸ் தொகுப்பில் ஒரு தெருப்படத்தை நுணுக்கமாகக் குறித்துச் சரிபார்க்கச் சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனதாம், அப்படி 5,000 படம். என் இலைக்குப் பதினைந்து நிமிடம்தான். அதைப் படித்த பிறகு புலம்பலைக் குறைத்துக்கொண்டேன்.

வேறு கருவிக்கு மாறலாமே என்று அவளே சொல்லிப் பார்த்தாள். இடது கை பழகிவிட்டது, மாற மாட்டேன். இன்னும் 130 படம் பாக்கி. நேற்று எடுத்த ஒன்றில் புள்ளியின் மேலேயே ஒரு தத்துப்பூச்சி உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ‘சந்தேகம்’ போடலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.