‘போலவே’ என்னும் சொல்: மலேசியா குறித்த தமிழ்ப் பயண எழுத்தில் முதற்பார்வை

தமிழகத்திலிருந்து மலேசியாவுக்கு வந்து சென்றோர் எழுதிய பயணக் கட்டுரைகளில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. விமான நிலைய வரவேற்பு, இரட்டைக் கோபுரம், பத்துமலை, தமிழ் அமைப்பொன்றின் விருந்து, விடைபெறுதல் என அவை பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்கின்றன. இவற்றை எழுதியோர் பலர் இங்குள்ள அமைப்புகளின் விருந்தினர். விருந்தோம்புவோர் காட்டியதைக் காண்பதும் கண்டதைப் பாராட்டுவதும் விருந்தினர் பண்பாகும். அதில் பிழையில்லை, ஆயின் பயண இலக்கியத்திற்கு அது போதாது. கைக்காசைச் சிக்கனமாகச் செலவழித்து, தோளில் பையுடன் வரும் பயணியின் முதற்பார்வை இதனினும் மேம்பட்டதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தமிழில் இதற்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). இரங்கூனில் ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தவர். ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940இல் நூலாயிற்று. ‘மலேயா முதல் கனடா வரை’ என்ற நூலும் அவருடையதே. நகரத்தார் கிட்டங்கிகள் பரவியிருந்த நாடுகளில் அவரும் விருந்தினராகவே உலவியிருக்கலாம். எனினும் அவர் எழுத்தில் தம்மை முன்னிறுத்தல் அரிது. சிறு வாக்கியங்களில் எளிய மனிதரின் பேச்சையும் செயலையும் குறித்துவிட்டு, முடிவைப் படிப்போரிடம் விட்டுவிடுவது அவர் முறை. செலவின் அளவைக் காட்டிலும் இந்த அடக்கமே பயணியின் கண்ணைத் தீர்மானிக்கிறது எனலாம்.

இன்றைய நிலையைக் காண்போம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசாவின்றி மலேசியாவில் தங்க வழி ஏற்பட்டது. குறைந்த கட்டண விமானங்களில் வரும் இளைஞர் பலர் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அறிந்த மொழியும் அறிந்த உணவும் கிடைக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு நடக்கின்றனர். மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் கடைவாசல் திரைப்பாட்டும் அவர்களை எதிர்கொள்கின்றன. ‘சென்னையைப் போலவே இருக்கிறது’ என்ற வாக்கியம் உடனே பிறந்துவிடுகிறது. விருந்தினருக்கு அமைப்பாளர் செய்ததை இவர்களுக்கு இந்த ஒரு சொல்லே செய்துவிடுகிறது; அதன்பின் வினவ எதுவும் எஞ்சுவதில்லை.

அச்சொல் மறைப்பவை பல. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரமும் அத்தாப்பும் விடுத்துச் செங்கல்லால் கட்ட முற்பட்டபோது எழுந்த சூளைகளே பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குக் காரணம். 1886இல் தொடங்கிய இரயில் போக்குவரத்து அவ்விடத்தை இரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்த்தது. அவ்வூழியருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில் அவர்தம் வழிபாட்டு மரபைச் சேர்ந்தது. ‘லிட்டில் இந்தியா’ என்ற அடையாளமோ 2010 அக்டோபர் 27இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. உணவகத்தில் ‘பசியாறிட்டீங்களா?’ என்று கேட்கும் தமிழும் சென்னையின் தமிழன்று. ‘போலவே’ என்று எழுதியவர் இவற்றுள் ஒன்றையும் கேட்டறியவில்லை.

அதே பயணி கொமுட்டர் இரயிலில் கிள்ளான் வந்து, அங்கிருந்து பேருந்தில் மேருவுக்குச் செல்வதாகக் கொள்வோம். பெயரைக் கேட்டதும் புராணத்து மலை அவர் நினைவுக்கு வரும். இறங்கிப் பார்த்தால் மலையில்லை, நிலம் சமதளம். அங்குள்ள மலாய்க்காரருள் ஜாவா வழியினர் மிகுதி. ஜாவாவிலும் செமேரு என்ற எரிமலை உண்டு, அதன் உயரம் 3,676 மீட்டர். தமக்கே உரியதெனக் கருதிய சொல்லுக்கு வேறு உரிமையாளரும் இருப்பதை அங்கே உணர நேர்கிறது. கித்தாத் தோட்டங்கள் இருந்த வட்டாரத்தில் இன்று இரப்பர்க் கையுறைத் தொழிற்சாலைகள் நிற்கின்றன; அவற்றில் உழைப்போருள் நேப்பாளியரும் வங்காளதேசத்தவரும் உளர். ஒப்புமை முறிந்த இவ்விடத்திலேதான் முதற்பார்வை அறிவாகத் தொடங்குகிறது.

அத்தொழிலாளரும் குறைந்த காசுடன் புதிய நாட்டைக் கண்டவர்களே. நம் பாட்டன் பாட்டியரும் அவ்வாறே வந்தனர். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் பாய் விரித்து வந்தோர் ஆயிரமாயிரவர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை, கங்காணியின் கடனைச் சுமந்து வந்தோரும் அவருள் அடங்குவர். கரை இறங்கியதும் அவர்கள் முதலில் கண்டது நோய்த்தடுப்பு முகாம். திரும்பும் பயணச்சீட்டுடன் சிக்கனம் பேணுவோரையும் இவர்களையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது. இவர்கள் கண்ட முதற்காட்சியைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

மலேசியா குறித்த பயண நூல்களை ஆராயும் மாணவர், அவற்றில் எத்தனை இடங்கள் வருணிக்கப்பட்டுள்ளன என்று எண்ணுவதோடு அமைகின்றனர். ‘போலவே’ என்ற சொல் எங்கே முறிகிறது, முறிந்தபின் எழுதியவர் யாரிடம் என்ன கேட்டார் என்பதை நோக்குதல் அதனினும் பயன் தரும். தோட்டத்தில் பிறந்து இன்றும் நம்மிடையே வாழும் முதியோரிடம், தம் பெற்றோர் இந்நாட்டை முதலில் எவ்வாறு கண்டதாகச் சொன்னார்கள் என்று கேட்டுப் பதிவு செய்தலும் நம் துறைக்குரிய பணியே. அதற்கான காலம் குறுகி வருகிறது.