எந்திர மொழிபெயர்ப்பு: இரு நோக்குகளும் ஒரு பொதுக் குறையும்

தொழில்நுட்பம் சமுதாயத்திற்கு ஆக்கம் தருமா, கேடு தருமா என்னும் வினாவிற்கு எதிரெதிரான இரு விடைகள் கூறப்பட்டு வருகின்றன. அவ்விரண்டையும் மதிப்பிட எந்திர மொழிபெயர்ப்பின் வரலாறு தக்க சான்றாகும்.

1954 சனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் நியூயார்க்கில் ஒரு சோதனையை நிகழ்த்திக் காட்டின. 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு 60க்கும் மேற்பட்ட உருசிய வாக்கியங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டன. சில ஆண்டுகளில் சிக்கல் முற்றிலும் தீரும் என நம்பப்பட்டது. அவ்வாக்கியங்கள் முன்னரே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்பது அந்த ஆர்வத்தில் மறக்கப்பட்டது.

1960இல் பார்-ஹில்லெல் இந்நம்பிக்கையை மறுத்தார். ஆங்கிலத்தில் 'பென்' என்பது எழுதுகோலையும் குழந்தைகள் விளையாடும் அடைப்பையும் குறிக்கும். பெட்டி ஒன்று அதனுள் இருந்தது எனில் எப்பொருள் கொள்வது என்பதை உலகியலறிவே உணர்த்தும். அவ்வறிவு எந்திரத்திற்கு இல்லை என்றார். 1966இல் வெளியான ஆல்பாக் குழுவின் அறிக்கைக்குப் பின் அமெரிக்காவில் இத்துறைக்கான நிதியுதவி பெரிதும் குறைந்தது. மொழிபெயர்ப்பாளர்க்கு உதவும் கருவிகளை வளர்க்க வேண்டும் என்று அவ்வறிக்கையே பரிந்துரைத்ததைப் பலர் கருதவில்லை.

மனிதத் துணையின்றி எந்திரம் முழுமையாகப் பெயர்க்குமா என்பதே இரு சாராரின் அளவுகோலாக இருந்தது. பணியை இருவருக்கும் எவ்வாறு பகிர்வது என்ற வினா பின்தள்ளப்பட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான அனுசாரகா இவ்வினாவையே முதன்மையாக்கியது. மொழியறிவு சார்ந்த சுமை எந்திரத்திற்கும், உலகியலறிவு சார்ந்த சுமை படிப்பவர்க்கும் உரியதாயின. அதன் நடை செம்மையற்றது. எனினும் படிப்பவர் எங்கு முயல வேண்டும் என்பதை மறைக்கவில்லை.

2016இல் கூகுள் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியபின் பழைய வழக்கு புதுப்பிக்கப்பட்டுள்ளது. இன்றைய பெயர்ப்புகள் சரளமானவை. இடர்ப்பாடும் அச்சரளத்திலேயே உள்ளது. ஆங்கிலத்தின் 'யூ' தமிழில் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றாக வேண்டும். அதற்கான குறிப்பு பெரும்பாலும் வாக்கியத்தில் இராது. பேசுவோரின் உறவிலேயே இருக்கும். எந்திரம் ஒன்றைத் தேர்ந்துவிடுகிறது. தேர்வு நிகழ்ந்ததற்கான தடயம் பெயர்ப்பில் தென்படுவதில்லை. அலுவலகக் கடிதத்தில் முதியவர் ஒருவர் 'நீ' என விளிக்கப்படின், அது வெறும் இலக்கணப் பிழை அன்று.

இத்தேர்வுகளைக் கண்டறிந்து செம்மை செய்பவர் மொழிபெயர்ப்பாளரே. அவ்வுழைப்பைச் சிறு திருத்தம் எனக் கருதி ஊதியம் குறைப்பது நம்பிக்கை நோக்கின் பிழை. அவ்வுழைப்பே இனி வேண்டப்படாது என அஞ்சுவது அவநம்பிக்கை நோக்கின் பிழை. எந்தக் கருவியாயினும், மனிதர்க்கு எப்பணியை விட்டுவைக்கிறது, அதற்குரிய காலத்தையும் அதிகாரத்தையும் அவர்க்கு அளிக்கிறார்களா என்பவற்றைக் கொண்டே அதனை மதிப்பிடுதல் தகும்.