பெயரில்லாத புதைகுழியும் குதிரைவீரனும்

கௌபாய் படத்துக்குள் பேய் நுழைந்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. வன்மேற்குக்குப் பேய் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. பிறர் நிலத்தைப் பிடித்து, அங்கு வாழ்ந்தவர்களை விரட்டி, பொன்னுக்காக மலையைக் குடைந்து, பலகைகளால் அவசர அவசரமாக ஊர் கட்டிய இடம் அது. செத்தவர்களில் பலருக்குச் சடங்கும் இல்லை, கல்லறையில் பெயரும் இல்லை. அந்தக் கடனைக் கேட்டுத்தான் இந்தப் படங்களில் எலும்புகள் எழுந்து வருகின்றன. கடனை மறக்காத படங்களே இந்த வகையில் நிலைத்து நிற்கின்றன.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த ‘ஹை பிளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ (1973) இவற்றுள் தலையாயது. கானல் அலையும் வெளியிலிருந்து ஒருவன் குதிரையில் வருகிறான். ஏரிக்கரையில் லாகோ என்ற ஊர். அங்கே முன்பு ஒரு மார்ஷலைச் சவுக்கால் அடித்தே கொன்றார்கள். ஊரே நின்று பார்த்தது. வந்தவன் ஊர் முழுவதற்கும் சிவப்புச் சாயம் பூசச் செய்து, பெயர்ப்பலகையில் நரகம் என்று எழுதுகிறான். அவன் செத்தவனின் ஆவியா, உறவினனா என்று படம் அடித்துச் சொல்வதில்லை. ஆனால் அந்த மார்ஷலாக நடித்தவர் ஈஸ்ட்வுட்டின் சண்டைக் காட்சிகளுக்கு டூப் போட்டுவந்த பட்டி வான் ஹார்ன். முகச்சாயல் நம்மைக் குழப்புவது தற்செயல் அல்ல. கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்கரையில் படத்துக்கென்றே கட்டிய ஊர் அது. உப்பு நீரும் வெறும் வானமும் சேர்ந்து, வெள்ளைத் துணி போர்த்திய எந்த உருவமும் தராத நடுக்கத்தைத் தருகின்றன. முடிவில் மார்ஷலின் புதைகுழிக்குப் பெயர்ப்பலகை கிடைக்கிறது. வந்தவன் போய்விடுகிறான். கடன் தீர்ந்தது.

அன்டோனியா பேர்ட் இயக்கிய ‘ராவெனஸ்’ (1999) நரமாமிசக் கதை. பனிமலைக் கோட்டைக்கு வந்து சேரும் ஒருவன், வழிதவறிய பயணக்கூட்டத்தின் துயரத்தைச் சொல்கிறான். சிப்பாய்கள் அவன் சொன்ன குகைக்குள் போகிறார்கள். அங்கே கிடக்கும் எலும்புக்கூடுகளை எண்ணிப் பார்க்கும்போதுதான் அவன் சொன்னது பொய் என்று விளங்குகிறது. எலும்புக்கூடு அங்கே பயமுறுத்தும் பொம்மை இல்லை, சாட்சி. எஸ். கிரெய்க் சாலரின் ‘போன் டோமஹாக்’ (2015) இன்னும் கடுமையானது. இரண்டு கொள்ளையர் ஒரு குகைவாசிக் கூட்டத்தின் இடுகாட்டை மிதித்துவிடுகிறார்கள். அந்தப் பிழை ஒரு ஊரையே வந்து பிடிக்கிறது. பின்னணி இசையை மிகச் சிக்கனமாக வைத்து, குகைவாசிகளின் ஊளையை மட்டும் வெட்டவெளியில் ஒலிக்கவிடுகிறார் சாலர். தொண்டையில் பதித்த எலும்பிலிருந்து அந்த ஒலி எழுகிறது என்று பின்னால் தெரியும்போது உடம்பு கூசுகிறது.

கைவேலையை ரசிப்பவர்கள் ரே ஹாரிஹவுசனிடம் போகவேண்டும். ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ (1963) படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாள்வீசும் சில நிமிடச் சண்டைக்கு அவர் செலவிட்டது நான்கரை மாதம். பொம்மைகளைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே படமாக்கினார். அதே கைகள் ‘தி வேலி ஆஃப் குவாஞ்சி’யில் (1969) கௌபாய்களைக் கொண்டு டைனோசருக்குச் சுருக்குக் கயிறு வீசவைத்தன. நடிகர்கள் உண்மையில் கயிறு வீசியது ஜீப்பில் நட்ட கம்பத்துக்கு. கயிறு விறைப்பதும் குதிரை திமிறுவதும் நிஜம் என்பதால் மிருகமும் நிஜமாகிறது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. இயக்குநர் கர்ணன் நடிகர் ஜெய்சங்கரை வைத்து ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) எடுத்துக் குதிரைகளைப் புழுதி கிளப்ப ஓடவிட்டார். விட்டலாச்சாரியாவின் தெலுங்குப் படம் ‘ஜகன்மோகினி’ (1978) தமிழ் பேசிவந்து கொட்டகைகளை நடுங்கவைத்தது. கர்ணனிடம் குதிரை இருந்தது, விட்டலாச்சாரியாவிடம் எலும்புக்கூடு இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்ட ஒருவரும் வரவில்லை. சிவகாசியின் லயன் காமிக்ஸ்தான் அந்தச் சுவையைக் காட்டியது. இரவுக்கழுகார் டெக்ஸ் வில்லரும் வெள்ளிமுடியார் கார்சனும் மெபிஸ்டோவின் மாந்திரீகத்தோடு மோதும் கதைகளைப் படித்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல.

இலங்கையின் திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது இந்தப் படங்கள் தூரத்துக் கதைகளாகத் தெரிவதில்லை. பறங்கியர் கோணேசர் கோயிலை 1622இல் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று துறைமுகம் கைமாறியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டன. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளோ, இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தோன்றியவை என்று ஐதீகம். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் விடக்கூடாது என்பதை அறிந்த ஊர் இது. செம்மணியிலும் மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் மண்ணிலிருந்து மனித எலும்புகள் வெளிவந்ததைக் கண்ட நாட்டில், திரையில் எழும் எலும்புக்கூட்டை வெறும் வேடிக்கையாக எங்களால் பார்க்க முடியாது.

எனவே கமெராவைக் கையில் எடுக்கும் எங்கள் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேய்ப்படம் எடுப்பதைக் கீழான வேலையென்று ஒதுக்காதீர்கள். முதலில் ‘ஹை பிளெய்ன்ஸ் டிரிஃப்டர்’ பாருங்கள். வெளிச்சத்தில் எப்படிப் பயமுறுத்தலாம் என்று படியுங்கள். பிறகு கோட்டையும் கடலும் உள்ள உங்கள் ஊரிலேயே, உங்கள் மொழியிலேயே எடுங்கள். செத்தவனுக்குப் பெயர் இருக்கட்டும். எலும்புக்கூடு அதற்குப் பிறகு வரலாம்.