பாரிடோன்: குரலின் பெயரா, பாத்திரத்தின் பெயரா?

1. முன்னுரை

மேலை இசைத்துறைச் சொற்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் ஆண்குரல் வகைப்பெயர்களும் அடங்கும். ஓபராப் பாடகர் ஒருவரைப் பற்றிய ஆங்கில வாழ்க்கைக்குறிப்பு பெரும்பாலும் அவருடைய குரல்வகையைச் சுட்டியே தொடங்கும். டெனர், பாரிடோன், பாஸ் என்னும் மூன்றும் முறையே மேல், இடை, கீழ் ஆண்குரல்களைக் குறிப்பதால், பாரிடோனை ‘ஆண் இடைக்குரல்’ எனப் பெயர்ப்பது எளிது. இப்பெயர்ப்பில் பிழையில்லை, ஆயினும் அது போதுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இவ்வினா கோலார் தங்கவயலில் எழுந்தது. பாரிடோன் ஒருவரின் வாழ்க்கைக்குறிப்பைத் தமிழாக்கி, ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர் சிலர்க்கு இக்கட்டுரையாளர் படித்துக்காட்ட நேர்ந்தது. இளமையில் நாடகம் ஆடிய முதியவர் ஒருவர், “இடைக்குரல்னு சொல்றீங்க. அவரு ஆடுனது ராஜபார்ட்டா, கள்ளபார்ட்டா?” என்று கேட்டார். மொழிபெயர்ப்பில் விடுபட்டுப்போனது எதுவோ அதையே அவர் கேட்டார் என்பதைப் பின்னரே உணர முடிந்தது.

2. சொல்லும் வகைமையும்

பாரிடோன் என்பது ‘கனத்த ஒலியுடையது’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கிரேக்க இலக்கணத்தில் ஈற்றசையில் எடுத்தலோசை பெறாத சொல்லையும் இப்பெயராலேயே வழங்கினர். நம் இலக்கண நூலார் கூறும் எடுத்தல், படுத்தல், நலிதல் என்பவற்றுள் படுத்தலோடு இதனை ஒப்புநோக்கலாம்.

ஓபராவில் இச்சொல் ஒலியளவோடு நின்றுவிடவில்லை. வெர்டியின் ‘ரிகோலெட்டோ’வில் (1851) காதல் களியாட்டத்தில் திளைக்கும் கோமகன் டெனர், மகளை இழக்கும் கூனல் விதூடகன் பாரிடோன். ‘லா திராவியாட்டா’வில் (1853) காதலன் டெனர், காதலைப் பிரிக்க வரும் தந்தை பாரிடோன். ‘ஒதெல்லோ’வில் (1887) வஞ்சகன் இயாகோ பாரிடோன். இயாகோவாக முதன்முதலில் மேடையேறிய விக்டர் மோரெல் என்பவரே 1893இல் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஓபராவின் முதுமையெய்திய நகைச்சுவைத் தலைவனாகவும் முதலில் பாடினார். தந்தை, அரசன், பகைவன், தண்டனைக்குள்ளானவன் எனப் பாத்திரங்களின் வரிசையாக ஒரு பாரிடோனின் வாழ்க்கை அமைகிறது. செருமானிய அரங்குகளில் பாடகரை அமர்த்துவதும் பாத்திரம் வழங்குவதும் இவ்வகைப்பாட்டைத் தழுவியே நிகழ்கின்றன. எனவே பாரிடோன் என்பது குரலின் பெயராக இருப்பதோடு தொழிலின் பெயராகவும் விளங்குகிறது. ‘இடைக்குரல்’ என்பது முதற்பொருளை மட்டுமே தருகிறது.

3. தமிழில் குரலின் அளவைகள்

தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என்னும் மூவகை நிலைகள் தொன்றுதொட்டு வழங்குகின்றன. இவை ஒரே பாடகர் இயங்கும் இசைப்பரப்பின் பகுதிகளேயன்றிப் பாடகரின் வகைகள் அல்ல. சுருதியைச் சுட்டும் ‘கட்டை’ என்னும் அளவும் அவரவர் குரலுக்கேற்பக் கொள்ளப்படுவதே. ‘வெண்கலக் குரல்’, ‘கணீர்க் குரல்’ என்பன குரலின் தன்மையைக் கூறுவன. ஆகவே பாரிடோனை ‘மெலிவுக் குரல்’ எனப் பெயர்ப்பது பொருந்தாது.

ஆனால் நாடக மேடையில் நிலைமை வேறு. ராஜபார்ட், கள்ளபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்னும் வகைப்பெயர்கள் நடிகரை அவர் ஏற்கும் பாத்திரவகையால் சுட்டுகின்றன. ‘பார்ட்’ என்பது ஆங்கிலச் சொல்லாயினும் தமிழ் மேடையின் கலைச்சொல்லாகவே வேரூன்றிவிட்டது. முதியவரின் வினா இவ்வகைப்பாட்டின்வழிப் பிறந்தது.

4. சி. எஸ். ஜெயராமன்: ஒரு சான்று

தமிழில் பாரிடோனுக்கு மிக அணுக்கமான வாழ்க்கை எதுவெனத் தேடுவோமாயின், சிதம்பரம் எஸ். ஜெயராமன் (1917–1995) நினைவுக்கு வருகிறார். எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக்குரலை நாயகக் குரலாகக் கொண்டாடிய இரசிகர்களிடையே, ஆழ்ந்து கனத்த குரலோடு பின்னணி பாட வந்தவர் இவர். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜி கணேசனுக்குப் பாடினார். ‘தூக்குத் தூக்கி’யில் (1954) அந்நடிகருக்கு டி. எம். சௌந்தரராஜன் பாடியபின் நாயகக் குரல் பெரிதும் அவர்பால் சென்றது. ஜெயராமனுக்கு எஞ்சியவை எவை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

‘ரத்தக்கண்ணீர்’ (1954) படத்தில், தொழுநோயுற்று அனைத்தையும் இழந்த எம். ஆர். ராதாவின் பாத்திரத்துக்கு இவர் குரல் தந்தார். ‘சம்பூர்ண இராமாயண’த்தில் (1958), போர்க்களத்தில் தோற்றுத் திரும்பும் இராவணனாக நடித்த டி. கே. பகவதிக்குப் பாடியவரும் இவரே. ‘தங்கப்பதுமை’ (1959) மொழியியலார் கூறும் குறைந்தபட்ச வேறுபாட்டு இணையை ஒத்ததொரு சான்றை அளிக்கிறது. படம் ஒன்றே, நடிகர் ஒருவரே, பாத்திரமும் ஒன்றே. ஆயினும் காதற்பாடலுக்குச் சௌந்தரராஜன் குரல். கண்ணிழந்த நிலையில், மனைவிக்கு இழைத்த தீங்கை எண்ணி இரங்கும் பாடலுக்கு ஜெயராமன் குரல். பாத்திரத்தின் நிலை மாறக் குரலும் மாறுகிறது. கூனல் விதூடகனுக்கும் தந்தைக்கும் வெர்டி தேர்ந்த குரலின் பணியை, பாரிடோன் என்னும் பெயரின்றியே நம் திரையிசை ஜெயராமனிடம் ஒப்படைத்தது எனலாம்.

எனினும் இதனை விதியாகக் கொள்ளலாகாது. ‘பாவை விளக்கு’ (1960) படத்தில் பி. சுசீலாவுடன் ஜெயராமன் பாடிய காதற்பாடல் இன்றும் விரும்பிக் கேட்கப்படுகிறது. குரலுக்குப் பாத்திரத்தை உரிமையாக்கும் அரங்க நிறுவனம் திரையுலகில் இல்லை. இசையமைப்பாளரின் தெரிவும் காலச் சுவையுமே முடிவு செய்தன. ஆகவே ஜெயராமனைப் ‘பாரிடோன் பாடகர்’ என எழுதும் திறனாய்வு, இல்லாத நிறுவனம் ஒன்றை இருப்பதாகக் காட்டிவிடுகிறது. பாரிடோனை ‘இடைக்குரல்’ என்னும் மொழிபெயர்ப்போ இருக்கும் நிறுவனத்தை மறைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே பிழையின் இருபுறங்கள்.

5. தங்கவயல் தரும் நெறி

இச்சிக்கலுக்குத் தங்கவயலின் சொல்வழக்கிலேயே வழியுண்டு. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபின் குடியேறிய தமிழ்த் தொழிலாளர், தம் மொழிக்குப் புதிதான தொழிலமைப்போடு அதன் சொற்களையும் ஏற்றனர். சுரங்கத்தின் செங்குத்து வாயில் ‘ஷாஃப்ட்’ ஆயிற்று. பொன்தாங்கும் பாறைப் படிவத்தைக் குறிக்கும் ‘ரீஃப்’, ‘சாம்பியன் ரீஃப்’ என ஊர்ப்பெயராகவே நிலைத்தது. அவ்வூரிலிருந்தே ‘தமிழன்’ இதழும் பின்னாளில் வெளிவந்தது. தமிழில் எழுதுவதற்கு ஊர்ப்பெயரை யாரும் பெயர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் வீடு, உணவு, உறவு, வழிபாடு ஆகியவற்றுக்குத் தமக்குரிய சொற்களையே வழங்கினர். அமைப்பு புதிதாயின் சொல்லையும் ஏற்பது, பொருள் தமதாயின் தம் சொல்லை விடாதிருப்பது என்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி.

இந்நெறியைப் பின்பற்றின், ஓபராப் பாடகரைப் ‘பாரிடோன்’ என்றே எழுதி, முதன்முறை வருமிடத்தில் அவர் ஏற்கும் பாத்திரவகையையும் ஒரு தொடரில் விளக்குதல் வேண்டும். ஜெயராமன் போன்றோரைப் பற்றி எழுதுமிடத்து மெலிவு, கனம், கணீரென்னும் தன்மை ஆகிய நம் சொற்களாலேயே குரலை விளக்கி, அக்குரல் எந்தெந்தப் பாத்திர நிலைக்கு அழைக்கப்பட்டது என்பதை எடுத்துக்காட்டுதல் வேண்டும்.

6. முடிவுரை

தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஷாஃப்டில் இறங்கும் தொழில் மறைந்தபின்னும் சொல் முதியோரிடம் வாழ்கிறது. அத்தொழிலை அறியாத பேரப்பிள்ளைகளுக்கு அதன் பொருளை அவர்களே விளக்க வேண்டியுள்ளது. கலைச்சொல்லைக் கடன்பெறுவோர்க்கும் இக்கடமை உண்டு. சொல்லோடு அதன் தொழிலையும் எடுத்துரைக்காத மொழிபெயர்ப்பு, “ராஜபார்ட்டா, கள்ளபார்ட்டா?” என்னும் கேள்வியின் முன் விடையின்றி நிற்க நேரும். அன்று இக்கட்டுரையாளரிடம் விடை இல்லை. இப்போது கூறக்கூடியது இதுவே: அவர் ராஜபார்ட் அல்லர், பெரும்பாலும் ராஜபார்ட்டின் தந்தை, சிலபோது பகைவர், சிலபோது எல்லாவற்றையும் இழந்து இறுதியில் தனித்து நிற்பவர்.