ஊகமும் உழைப்பும்

2023 ஜூன் 5ஆம் நாள், கலிபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் தனது மென்பொருள் உருவாக்குநர் மாநாட்டைத் தொடங்கியபோது திருகோணமலையில் இரவு பத்தரை மணி. அதற்காக விழித்திருக்கும் இளைஞர் இத்துறைமுகப் பகுதியிலும் உண்டு. பல மாதங்களாகவே உலகெங்கும் இரசிகர்கள் ஓர் ஊக இலக்கியத்தைப் படைத்து வந்தனர். கண்ணில் அணியும் கருவியொன்று வரும், பெயர் 'ரியாலிட்டி புரோ', விலை 3,000 டாலர் அளவில் என்றனர். வந்ததோ 'விஷன் புரோ'. விலை 3,499 டாலர். நமது நாணயத்தில் பத்து இலட்சம் ரூபாவுக்கு மேல்!

இவ்வெழுத்தை வெறும் வம்பென்று தள்ளிவிட இயலாது. அழைப்பிதழின் வண்ணத்தையும் காப்புரிமைப் பத்திரங்களையும் துருவி, ஒப்பிட்டு, ஒவ்வாதன கழிக்கும் முறை திறனாய்வாளனின் முறையேயாகும். ஆனால், யாருக்காக இந்த உழைப்பு? துறைமுகத் தொழிலாளியும் ஊகிக்கிறான்: கப்பல் வருமா, வந்தால் வேலை உண்டா என்று. அவனது ஊகத்தில் வீட்டு அடுப்பு அடங்கியிருக்கிறது. இரசிகனது ஊகத்திலோ பிறருடைய விற்பனை. கூலி கேளாத விளம்பரக்காரன் அவன்.

இத்தனைக்கும் அம்மாநாடு நிரல் எழுதுவோருக்கானது. நம் மாணவன் ஒருவன் செயலி எழுதி அந்நிறுவனக் கடையில் விற்றால், வருவாயில் 30 விழுக்காடு வரை அது எடுத்துக்கொள்ளக்கூடும். கருவியின் பெயருக்காக நடந்த வாதத்தில் பத்திலொரு பங்கேனும் இதற்கு நடந்ததா? 2020 ஆகஸ்டில் எபிக் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல உருவாக்குநர்களும் கண்டனம் எழுப்பினர். அவ்வாண்டு நவம்பரில்தான், சிறு உருவாக்குநர்க்கு 15 விழுக்காடு என ஆப்பிள் அறிவித்தது.